வெறுதெ விட்டு

மார்ச் 10, செவ்வாய்

காலையில் பனி, ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில். ஏலச்செடி எல்லாம் துவண்டு கிடக்கிறது. தொழிலாளர் லயத்துக் குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை.

செய்ய வேண்டியவை: மணிக்கயிறு மாற்ற. மெழுகுவத்தி. ஞாயிறு திருவிருந்துக்கு அப்பம் சொல்லிவைக்க. நெஞ்செரிச்சல் மாத்திரை.

லெந்து தவக்காலப் பாடம் நான்கில் இன்று முதலாவது: படைப்பு. வந்தது பதினொரு பேர், மூன்று பேர் தூக்கம். கடவுள் படைத்ததில் கெட்டது எதுவும் இல்லை என்று சொல்லி முடிக்கவில்லை, ஸ்டோரில் ஏலம் தரம் பிரிக்கும் பாக்கியம் எழுந்து, ரத்தம் குடிக்கிற அட்டையையும் அவர்தான் படைத்தாரா என்று கேட்டாள். மனிதன் பாவத்தில் விழுவதற்கு முன்னால் அட்டை இலைதான் தின்றது என்றேன். எந்த வேதசாஸ்திரத்திலும் கிடையாது. ஆளுக்கு ஆள் தலையாட்டினார்கள். உபதேசியார் நான் சொன்னால் எதையும் விழுங்குவார்கள்.

சாயங்காலம் டேவிட் வந்து நிற்கிறான். கையில் ஒரு துணிப்பை. அடுத்த செவ்வாய் கோர்ட்டில் கேஸாம். ஆள் பாதியாகிவிட்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை.

மார்ச் 11, புதன்

காற்று. மாத்திரை வாங்கவில்லை.

டேவிட் கிரேஸுடைய தம்பி. கிரேஸ் என் மனைவி. ஊரில் நாசரேத் பக்கம் சும்மா திரிந்தவனை, அவள் நச்சரிப்புத் தாங்காமல், இங்கே மலைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு ஜீப் ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தது நான். எட்டே மாதம். ஒரு காலை வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது போனில் பேசிக்கொண்டே வளைவில் உருட்டினான். இரண்டு சாவு. முன்சீட்டில் கிரேஸ். பின்னால் ஏறிய ஜோமோன், ரோசம்மா சேச்சியின் ஒரே மகன், பத்தொன்பது வயது. ஓட்டியவனுக்குத் தோள்பட்டையில் நாலு தையல். ஜாமீனில் ஊருக்குப் போனவன் இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் மேலே ஏறியிருக்கிறான்.

காலையில் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை இருந்தது, போடவில்லை. குடித்துவிட்டுச் சொன்னான். இரண்டு வருடமாகத் திருவிருந்து எடுக்கவில்லையாம், சேச்சி மன்னித்தால் இந்த ஞாயிறு எடுப்பானாம், கேஸில் குற்றத்தை ஒத்துக்கொண்டு கிடைப்பதை அனுபவிப்பானாம்.

“அவியகிட்ட போயி நிக்க எனக்குத் தைரியம் இல்ல, அத்தான். நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுதியளா?”

சேச்சியிடம் கேட்கச் சொல்கிறான். என்னிடம் கேட்கவில்லை. அத்தான் உபதேசியார், மன்னித்திருப்பார், அது அவர் உத்தியோகம் என்று நினைத்துவிட்டான் போல. வயிறு எரிந்தது. சரி, கேட்கிறேன் என்றேன்.

மார்ச் 12, வியாழன்

ரோசம்மா சேச்சி வீட்டுக்குப் போய்வந்தேன். ஏற்றம், மூச்சு வாங்கியது. முப்பது வருடமாக நம் லயங்களுக்கு ஆட்டுப்பால் ஊற்றுகிறவள். மலையாளம்தான் பேசுவாள், தமிழ் புரியும். ஆட்டைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். டேவிட் வந்திருப்பதைச் சொன்னேன், கேட்டதைச் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

“கோடதி எந்து செய்தாலும் ஞான் அவனெ வெறுதெ விட்டு, சாரே. இதே வாக்கு தன்னெ அவனோடு பறயணம்.”

வெறுதெ விட்டு. கோர்ட் என்ன செய்தாலும் அவள் விட்டுவிட்டாளாம், இதே வார்த்தையை அவனிடம் சொல்ல வேண்டுமாம். மலையாளத்தில் வெறுதெ என்றால் சும்மா. குற்றமில்லை என்று கோர்ட் ஒருவனை விடுதலை செய்தால் பத்திரிகையில் இப்படித்தான் போடுவார்கள். பெற்ற மகனைக் கொன்றவனைச் சும்மா விட்டுவிட்டாள். என் பங்கையும் சேர்த்து விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அவளை யார் கேட்டது?

நான் திரும்பி வந்தபோது டேவிட் வாசலிலேயே நின்றான். மலையாளத்தில் அவனுக்குக் கெட்ட வார்த்தையும் கடை வார்த்தையும்தான் தெரியும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

சேச்சி சொன்னதை அப்படியே சொல்கிறேன் என்று சொல்லி, அப்படியே சொன்னேன். வெறுதெ விட்டு. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“வெறுத்துட்டாவளா, அத்தான்?”

அவர்கள் வாயால் சொன்ன வார்த்தை இதுதான் என்றேன்.

தலையை ஆட்டினான். “அது நியாயந்தான்” என்றான். சாப்பிடவில்லை.

பொய் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்: இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

முதல் பஸ்ஸில் போய்விட்டான். போடி வண்டியில் ஏறினான் என்று டீக்கடையில் சொன்னார்கள். பாய் மடித்து வைத்திருக்கிறது. டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. போன் அணைத்திருக்கிறது.

பாடம் இரண்டு: பாவம். பதினாறு பேர். பாவம் என்றால் கூட்டம் வரும். ஏதேனில் பாம்பு சொன்ன பொய் எது, சரியாகச் சொல்லுங்கள் என்றாள் பாக்கியம். இவளை யாராவது அடக்க வேண்டும். முழுப் பொய் சொல்லவில்லை, கேட்கிறவள் தப்பாக எடுத்துக்கொள்ளும்படி உண்மையைத் திருப்பி வைத்தது என்று வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் கேட்டேன். சீக்கிரம் ஜெபம் செய்து முடித்தேன்.

மணிக்கயிறு மாற்றியாகிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. போதகர் நெடுங்கண்டத்திலிருந்து அரைமணி லேட். நானும் எடுத்தேன். எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

முடிந்து வெளியே வந்தால் சேச்சி. அவளுடைய சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்திருக்கிறாள். கையில் பிளாஸ்டிக் கவர், அதில் ஜோமோன் சட்டை ஒன்று, தேய்த்து மடித்தது. டேவிட்டும் அதே உயரமாம், கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்தாளாம். அவன் எங்கே என்றாள்.

போய்விட்டான் என்றேன். ஏன் போனான், என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். நீங்கள் சொன்ன வார்த்தையைத்தான் சொன்னேன் என்றேன்.

அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை தமிழில். முகம் மாறிவிட்டது. கவரை மார்போடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மத்தியானம் கஞ்சி. இறங்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கேஸில் டேவிட் ஆஜராகவில்லை. ஜாமீன் ரத்து, வாரண்ட். சேச்சி கோர்ட்டுக்குப் போய் வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாளாம், கவரோடு.

மாமியார் போன். மகன் ஊர் வந்து சேரவில்லை. வெள்ளியிலிருந்து தகவல் இல்லை. “உங்ககிட்ட என்னமும் சொல்லிட்டுப் போனானா, மாப்ள?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். “அது நியாயந்தான்” என்று சொல்லிவிட்டுத்தானே போனான், இதுதான் பச்சைப் பொய். இத்தனை நாளில் முதல் பொய் என்று கணக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பாடம் மூன்று நடத்தவில்லை. ஜுரம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

உண்மையாகவே ஜுரம். பாக்கியம் கஷாயம் கொண்டுவந்தாள். நல்ல பெண்தான். அவளைத் திட்டினேன்.

கிரேஸ் இருந்தால் தம்பி எங்கே என்று கேட்டிருப்பாள். அவள் இல்லாததற்கு அவன்தான் காரணம், இது உண்மை. அவன் இல்லாததற்கு நான்தான், இதுவும் உண்மை. இரண்டையும் நேராக வைத்தால் கழியும் என்று நினைத்திருந்தேன். கழியவில்லை.

டேவிட் நம்பருக்கு ஏழு தடவை. அணைத்தே இருக்கிறது. ஆளைக் காணவில்லை என்று மாமியார் வீட்டில் போடி போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

மேகம் மூடியிருக்கிறது, மழை இல்லை. ஜுரம் விட்டது.

பாடம் நான்கு: எல்லாம் புதிதாவது. மூன்றைத் தாண்டிவிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. முன் பெஞ்சில் சேச்சி. நம் கோயிலுக்குள் அவள் வந்து உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. இந்த மண்ணைக் கடவுள் தூக்கி எறிந்துவிட்டு வேறு ஒன்று செய்வதில்லை, கெட்டுப்போன இதையேதான் எடுத்துச் சரிசெய்வார், செத்தவர்கள் எழும்புவார்கள், பகை இருக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் கண்ணை எடுக்கவில்லை.

எல்லோரும் போனபின் எழுந்து வந்தாள். இதுவரை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

“அவனெ கொண்டு வா. அதுவரெ நின்னெ ஞான் விடில்லா.”

தமிழில் கேட்டாலும் அதே அர்த்தம்தான்.