இவர் நெஞ்சும் மலர்ப் பள்ளத்தாக்கும்

ஜூலை 5, சனி

விடியலிலிருந்து சாரல். எங்கள் மலையில், வாசலில் போகும் மஞ்சக்குட்டை ரோடே தெரியாத மூடுபனி. டிக்கெட் போட்டாயிற்று. சேலம், டெல்லி, ஹரித்துவார், பிறகு மலை. இமயமலையில் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. கல்யாணமான நாளிலிருந்து இவர் சொல்லிக்கொண்டிருக்கும் இடம். போன வருஷம்தான் இவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. அது யாருக்கும் நினைவில்லை, என்னைத் தவிர.

டாக்டர்: "மெதுவா நடந்தா போலாமுங்கம்மா." எவ்வளவு மெதுவா? கேட்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மலையேறிப் பழகுவதற்காகச் சேர்வராயன் கோயில் வரை நடை. வாயால் மூச்சு விடுகிறாரா, மூக்காலா? அதே கவனம்.

"ஏனுங்க, நெஞ்சு எப்படி இருக்குதுங்க?"

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சும்மா வா புள்ள."

திரும்பும்போது எங்கள் காப்பித் தோட்டம் வழியாக. மழைக்குக் களை மண்டிவிட்டது, காசித்தும்பைதான் அதிகம். பேசிக்கொண்டே இருவரும் பிடுங்கிப் போட்டபடி வீடு வந்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

பெட்டி. குல்லா, மழைக்கோட்டு, ஈ.சி.ஜி. நகல், புளிக்காய்ச்சல். மாத்திரை என் பையில் ஒரு செட், அவர் சட்டையில் ஒரு செட்.

மகள் போனில்: "அம்மா, அங்க பூவத் தொட்டா அபராதமாம். அப்பாகிட்டச் சொல்லி வைங்க." பூவா இப்போது கவலை? பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்றால் அவளுக்குத் தெரியவில்லை. நொந்துபோனேன்.

சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

பள்ளத்தாக்கு. மழை விட்டிருந்தது. ஊதா, வெள்ளை, மஞ்சள், பெயர் தெரியாத ஒரு சிவப்பு. கண் கொள்ளவில்லை. ஆனால் இவர் பூவைக் காட்டுகிறார், நான் இவர் மூச்சைப் பார்க்கிறேன். பாதையோரம் இடுப்புயரத்துக்குக் காசித்தும்பை மாதிரி ஒன்று.

திடீரென்று விசில். காவலர் என்னைப் பார்த்து இந்தியில் கத்துகிறார். ஒரு சொல்லும் புரியவில்லை. குனிந்து பார்த்தால் என் கையில் ஒரு செடி, வேரோடு. எப்போது பிடுங்கினேன்?

இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிரே போயிற்று. "ஏனுங்க! ஏனுங்க!" பையில் மாத்திரையைத் தேடுகிறேன். இவர் தோள் குலுங்குகிறது. சிரிப்பு!

"இமயமலைக்கு வந்துங்கூட களை புடுங்கறயே புள்ள!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். காவலரும் சிரித்துவிட்டார்.

செடியை அதே குழியில் வைத்து மண் அணைத்தேன். பிழைத்துக்கொள்ளும்.