நாற்பதாவது கை

ஜூன் 3
இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். நினைத்ததை அல்ல, பார்த்ததை.

இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு வாரம். அண்ணனுக்கு இருபத்தெட்டாம் தேதி போக்கர் போட்டி. கடைசி ஒன்பது பேருக்குள் வராவிட்டால் சீட்டையே தொடக்கூடாது, மருந்துக்கடை வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அம்மாவோடு ஒப்பந்தம். அதற்காகத் தினமும் மாலையில் பயிற்சி. நான் இரண்டு சீட்டு போடுவேன்; அவன் “ஆடுறேன்” அல்லது “விடுறேன்” என்பான்; நோட்டில் குறித்துக்கொள்வேன். நூறு கை. பெரும்பாலும் விடுகிறான். “நல்ல கைய ஆட எவனுக்கும் தெரியும். விடத் தெரியணும்.”

சீட்டுக்கட்டு அலமாரியில் கிடந்தது, முன்பு குடியிருந்தவருடையது. நீல முதுகு. கதவின் உட்புறம் அவர் ஒட்டிய கட்டங்கள்: எந்த இரண்டு சீட்டு வந்தால் ஆடலாம் என்று பென்சிலால் நிரப்பியிருக்கிறார். அண்ணனின் பட்டியலும் அதேபோலத்தான். ஒரு கட்டம் மட்டும் வேறு. எட்டும் மூன்றும். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி நிரப்பியிருக்கிறார். அதை ஆடுகிறவன் கிறுக்கன் என்றான் அண்ணன்.

ஜூன் 6
நாற்பதாவது கை, இஸ்பேட் எட்டு, ஆட்டின் மூன்று. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விட்டான்.

ஜூன் 7
நாற்பதாவது கை அதேதான்.

ஜூன் 9
இன்றும். நேற்றும். நான் சரியாகக் கலைக்கிறேனா? கலைக்கிறேன். சொன்னதற்கு, “கணக்குல கோட்ட விட்டுட்டு பேய் மேல பழி போடாத, புத்தகப்புழு” என்று தலையில் தட்டினான்.

ஜூன் 12
அவனே கலைத்தான், ஏழு முறை. நாற்பதாவது கையைப் போட்டதும் அவன் திருப்பிப் பார்க்கவில்லை.
“அதுதானே?”
அதுதான்.

ஜூன் 14
முன்பு இருந்தவரைப் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். “தங்கமான பிள்ளம்மா. ஏதோ சீட்டுப் போட்டின்னு கிளம்புச்சு. ஜெயிச்சிடுச்சுன்னு கேள்வி. துணிமணி எடுக்கக்கூடத் திரும்பி வரல.”

அண்ணனிடம் சொன்னேன். “ஜெயிச்சானா?” – அதை மட்டும்தான் கேட்டான்.

ஜூன் 20
அண்ணனின் பட்டியலில் எட்டு-மூன்று கட்டத்தில் லேசாகப் பென்சில். சும்மா கிறுக்கினானாம். அழிக்கச் சொன்னேன். அழித்தான்.

ஜூன் 21
மறுபடியும் நிரப்பியிருக்கிறது. இந்த முறை லேசாக இல்லை.

ஜூன் 27
பெட்டியில் வைக்கும் முன் சீட்டுகளை எண்ணினேன். ஐம்பத்தொன்று. இனம் இனமாகக் கட்டிலில் பரப்பினேன், மூன்று தடவை. ஆட்டின் மூன்று இல்லை. அலமாரியில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. நேற்றுகூட அதைப் போட்டேனே? இருபத்தோரு நாளாக நோட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் ஒருமுறை எண்ணிப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. “நாளைக்கு அது வந்தா விட்டுடு, விடுறேன்னு சொல்லு, எனக்குச் சத்தியம் பண்ணு” என்றேன். பண்ணினான்.

ஜூன் 28
போட்டி நடந்த மண்டபத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் நின்றோம். நான் கைகளை எண்ணினேன். முப்பத்தொன்பதுக்குள் அண்ணன் முன்னால் பந்தயக் காய்கள் கரைந்து ஒரு சின்ன அடுக்குதான் மிச்சம். நாற்பதாவதில் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் சிரித்தான். எல்லாக் காய்களையும் நடுவில் தள்ளினான்.

அதற்குப் பிறகு அவன் தோற்கவே இல்லை. கடைசி ஒன்பதில் வந்தான், கடைசி ஒருவனும் ஆனான். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். வந்துடுவான், வாசல்ல நிக்கலாம் என்றாள்.

இருக்கிறது ஒரே வாசல். எல்லோரும் போய்விட்டார்கள். துப்புரவுக்காரர் வந்து, உள்ளே யாரும் இல்லையே பாப்பா என்றார். உள்ளே ஓடிப் பார்த்தேன். அங்கே ஆடியதெல்லாம் சிவப்பு முதுகுச் சீட்டுகளில். அண்ணன் உட்கார்ந்திருந்த இடத்தில் நீல முதுகோடு ஒன்று கவிழ்ந்திருந்தது. திருப்பினேன்.

எங்கள் சீட்டுக்கட்டில் இப்போது ஐம்பத்திரண்டு.

அம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். மண்டபத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.