ஏரிக்கரையில் நிற்கும் மச்சான்

15 அக்டோபர், செவ்வாய். தூறல்.

கடலைக்கொல்லை சேறு. பிடுங்க இன்னும் நாலு நாள் ஆகும்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்றைக்குத் திறந்தது வண்டிக்காக. எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்று எழுதி வைக்காவிட்டால் போன தடவை மாதிரி ஒரு வாஷர் மிஞ்சும்.

வண்டி, பழைய மோட்டார் சைக்கிள், என் மனைவி கௌரியின் அண்ணனுடையது. டிரைவர் வேலைக்குக் குவைத் போனபோது எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனான். பதினைந்து வருடம். அதனால் வண்டிக்குப் பெயர் மச்சான். மச்சானுக்குச் சளி, மச்சானுக்கு முட்டிவலி என்று சொன்னால் கௌரிக்குக் கோபம் வரும். வரட்டும் என்றுதான் சொல்வது.

காலை 4.40. நான், மகள் ரேவதி, அவள் டிபன் கேரியர். மெயின் ரோடு ஒன்பது கிலோமீட்டர். அவள் கம்பெனி பஸ் 5.15. ஆறாவது கிலோமீட்டர், ஏரிக்கரை ஆலமரம். மச்சான் ரெண்டு முறை விக்கினான். நின்றான்.

செய்தது: பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். வயரை ஆட்டினேன். பதினைந்து உதை. ரேவதி குடை பிடித்துக்கொண்டு, "நைனா, மணி அஞ்சு." டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல். மூடினேன். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி உதைத்தேன். உடனே ஸ்டார்ட்.

மெயின் ரோடு சேர்ந்தபோது பஸ்ஸின் பின்பக்கச் சிவப்பு விளக்குதான் தெரிந்தது.

ரேவதி கழுத்தில் தொங்கிய கார்டை எடுத்து உடுப்புக்குள் போட்டுக்கொண்டாள்.

செல்போன் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம். ஆறு மாதம் டிரெய்னிங். அதற்குள் மூன்று முறை பஸ்ஸை விட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். போன மாதம் டயர் பஞ்சர், அதில் ஒன்று. இன்றைக்கு ரெண்டு. எங்கள் ஊரில் தமிழ்தான், ஆனால் இது ஆந்திரா; மதியம் சூப்பர்வைசர் போன் செய்து தெலுங்கில் சொன்னாராம். "இங்கொக்கசாரி ஐத்தே அந்தேம்மா." இன்னும் ஒரு தடவை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போதும் அதே ஆலமரம், அதே விக்கல். கௌரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"போவும்போதும் அங்கியே, வரும்போதும் அங்கியேவா?"

"ஆமாம்மே."

"அப்ப வண்டி மேல தப்பு இல்லய்யா. அந்த எடத்துல இன்னாமோ கீது."

"உங்க அண்ணன் எவளுக்கானா காத்துகினு நின்ன எடமா இருக்கும். வண்டிக்குப் பழக்கம்."

காபியில் சர்க்கரை இல்லை.

ஞாயிறுதான் ஆயுத பூஜை. மச்சானைத் தேய்த்துக் கழுவி, ஒரு இடம் விடாமல் சந்தனம் குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நேற்று கம்பெனி லீவு, மச்சானுக்கும் லீவு. இன்றைக்கு இப்படி. அவ்வளவு மரியாதை ஆகவில்லை போல.

16, புதன். மேகம் மட்டும்.

ஊரில் இருக்கும் மற்ற நாலு வண்டியும் அந்த நேரத்துக்குப் பூ, பால் என்று கிளம்பிவிடும். பால் ஆட்டோ தாமுவைக் கேட்டேன். சரி என்றான். ஆனால் நாலு மணிக்கே கிளம்புவான். கேன்களுக்கு நடுவில் ரேவதி, ஓரமாக ஒரு கால் வெளியே நான். மெயின் ரோட்டில் இருட்டில் முக்கால் மணி நேரம் நின்று பஸ் ஏற்றிவிட்டேன். தாமு திரும்பி வரும்போது அவனோடு வீடு.

ரேவதி சொன்னாள், துணியெல்லாம் பால் வாசனையாம். லைனில் பக்கத்துப் பெண், "ஏன் ரேவதி, இன்னிக்கி நீ கறந்துட்டா வந்தே?" என்றாளாம். கேட்டு நான்தான் அதிகம் சிரித்தேன். கௌரி முறைத்தாள்.

வீட்டு முன்னால் சாக்கு விரித்து கார்ப்ரேட்டரைப் பிரித்தேன். சாமான் கலக்காமல் இருக்க இட்லி தட்டு.

குழி 1: அடிக்கிண்ண ஸ்குரூ நாலு.
குழி 2: மிதவை, அதன் ஊசி.
குழி 3: பெரிய ஜெட்.
குழி 4: சின்ன ஜெட். இது தொலைந்தால் நானும் தொலைந்தேன்.
குழி 5: என்னவென்று தெரியவில்லை. ஆனால் இருந்தது.

"சாயந்தரம் இட்லி ஊத்தணும்யா அதுல!"

"ஊத்து. பெட்ரோல் பட்டா நல்லா எழும்பும்."

எல்லாம் ஊதி, துடைத்து, மாட்டினேன். எதுவும் மிஞ்சவில்லை. கோயில் வரை ரெண்டு தடவை போய் வந்தேன். குதிரை.

17, வியாழன். வெயில்.

பால் ஆட்டோ. முதுகு வலி. எனக்கு.

மதியம் டேங்கில் ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு மெயின் ரோடு பக்கம் ஓட்டிப் பார்த்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். ஆலமரம். விக்கல். நின்றான்.

பாட்டும் நின்றது.

பிளக், வயர், உதை, மூடி திறந்து பெட்ரோல் பார்த்தது, ஆட்டியது, உதை. ஓடினான். அங்கேயே திருப்பி வீடு வந்தேன்.

ரேவதிக்கு என்ன வேலை என்று இன்றைக்குத்தான் சரியாகக் கேட்டேன். செல்போன் மூடியில் பேசுகிற இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதாம். பெயின்ட் அடித்து வரும்போது சிலதில் அது அடைத்திருக்குமாம். லென்ஸ் வைத்துப் பார்த்து, அடைத்ததைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில்.

"நாள் பூரா ஓட்டை பாக்கறதுக்கா இன்டர், பன்னெண்டாவது வரைக்கும் படிச்சே?"

"நீ ஒத்த வண்டிய மூணு நாளா பாத்துகினு கீறியே நைனா, அதுக்கு இன்னா படிச்சே?"

என் ரத்தம்தான்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு. என் நைனா காலையில் டீக்கடை முன்னால் நின்று, கூப்பிடுகிறவன் கொல்லையில் கூலி வேலைக்குப் போவார். நானும் முப்பது வயது வரை அப்படித்தான் நின்றேன். கழுத்தில் பெயர் போட்ட கார்டோடு வேலைக்குப் போவது எங்கள் வீட்டில் இவள்தான் முதல். அவள் குளிக்கப் போனபோது அந்தக் கார்டை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் காது பெரியதாகத் தெரிகிறது. அதுவும் என்னுடையதுதான்.

18, வெள்ளி. வெயில், பிறகு மேகம்.

வரதய்யபாளையத்தில் சீனு மெக்கானிக் கடை. மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், நாலு கிலோமீட்டர்தான். ஒரு விக்கல் இல்லாமல் போனான். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி.

சீனு டேங்க் மூடியைத் திறந்து வைத்து அரை மணி நேரம் உறுமவிட்டுப் பார்த்தான். "பண்டி பாகுந்தண்ணா." வண்டி நன்றாக இருக்கிறதாம்.

"ஏரிக்கரையில நிக்குதுப்பா."

"ஆடிக்கி போகண்டி." அந்தப் பக்கம் போகாதீர்களாம். பெரிய வைத்தியம். பிறகு காதோடு, "இரும்புக்கி வேசேயண்ணா, சால்லு." பழைய இரும்புக்குப் போட்டுவிடு, போதும். மச்சான் காதில் விழாதபடி திரும்பி வந்தேன்.

சாயந்தரம் கௌரி விளக்கு வைத்துவிட்டு வந்து ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, ஹேண்டிலில் எலுமிச்சம்பழம் மிளகாய். ஏரிக்கரையில் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாளாம்.

"தேங்கா சீனுவுக்கு ஒடை. அவனுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

"சிரி. அடுத்த தபா ஏரிக்கரையில நிக்கறப்ப தெரியும்."

19, சனி. நாள் முழுக்க மழை.

பால் ஆட்டோவில் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று பேர், பதினோரு கேன்.

தாமு சொன்னது: "அண்ணே, நாளிக்கி சாயந்தரம் குடும்பத்தோட திருமலைக்குப் போறேன். கொயந்தைக்கு மொட்டை. புதன்தான் வருவேன். பால எங்க சித்தப்பா எடுத்துப்பாரு, ஆனா அவரு டிவிஎஸ்ல ரெண்டு கேன்தான் புடிக்கும்."

திங்கள், செவ்வாய் ஆட்டோ இல்லை. நாளை ஞாயிறு, ரேவதிக்கு லீவு. ஆக ஒரே ஒரு பகல்.

ரேவதியிடம் சொன்னேன். சோறு தின்றுகொண்டே சொன்னாள், "நான் நடந்தே பூட்றேன் நைனா. ரெண்டரைக்கு எழுந்தா போதும்."

ஒன்பது கிலோமீட்டர். மழை.

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தேன். கௌரி என்னைப் பார்த்தாள்.

மச்சானைத் தொடவில்லை. கோணிப்பை மட்டும் போர்த்தினேன்.

20, ஞாயிறு. மழை விட்டது.

மெதுவாக எழுதுகிறேன், வரிசையாக வரவேண்டும்.

காலை எட்டு மணி. ரேவதி, "நானும் வரேன். அது எப்படித்தான் நிக்குதுன்னு பாக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். ஆலமரம். விக்கல். நின்றான். சொல்லி வைத்த மாதிரி.

பிளக் ஸ்பேனரை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு நைனா. நின்னா நீ வரிசையா இன்னா இன்னா பண்ணுவே?"

"பிளக்கத் தொடைப்பேன். வயர ஆட்டுவேன். ஒதைப்பேன். மூடியத் தொறந்து பெட்ரோலு பாப்பேன். திட்டுவேன். ஒதைப்பேன்."

"அதுல எதால ஓடுது?"

"திட்டறதாலன்னு நெனைச்சேன்."

"எங்க லைன்ல ஒரு மெசின் நின்னா நாலு வேல ஒண்ணா செய்யக் கூடாது. ஒண்ணு செய்யணும், பாக்கணும். பிளக்கத் தொடாதே. மூடிய மட்டும் தொற."

திறந்தேன். உஸ்ஸ் என்றது. அந்தச் சத்தம் ஒவ்வொரு தடவையும் வந்திருக்க வேண்டும். நான் திட்டிய திட்டில் எனக்கு எப்படிக் கேட்கும். மூடினேன். உதைத்தேன். ஒரே உதை.

ரேவதி மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வேலை செய்கிற முகத்தை முதல் முறை பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"நைனா, இதுல ஒரு ஓட்ட இருக்கணுமே?"

சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவு. அதன் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும், மழைக்கும் அசையாமல் சிமெண்டு மாதிரி. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுவோமே, அதே கதை. ஆறு கிலோமீட்டர் வரை எப்படியோ இழுத்திருக்கிறான். பிறகு மூச்சு முட்டி நின்றிருக்கிறான். நான் மூடியைத் திறந்ததும் மூச்சு வந்து ஓடியிருக்கிறான். ஆலமரத்திலிருந்து மெயின் ரோடு மூன்று, திரும்ப மூன்று. அதே ஆறு, அதே மரம். பாவம் அந்த மரம்.

குத்தப் பின்னூசி கேட்டேன். "இங்க வேணாம். அம்மா பாக்கட்டும் மொதல்ல" என்றாள். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு வீடு வந்தோம்.

வாசலிலேயே கத்தினேன். "இன்னாமே, ஒரு வாரமா வண்டிய நிறுத்தினது யாரு தெரியுமா? உன் பொட்டு!"

கௌரி மூடியைக் கையில் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"நான் லைட்டுக்குத்தான்யா வெச்சேன். மோதிர வெரல்ல வெப்பேன். இது கட்ட வெரலு."

பார்த்தேன். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. நடுவில் குறுக்காக ஒரு கோடு. போன வருடம் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்ட கோடு. என் விரலில்.

ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு, "மூடிதான் மச்சானுக்கு நெத்தி, உங்க அண்ணன் நெத்தி மாதிரியே அகலம்" என்று சொல்லி ஒரு அப்பு அப்பியது நான்தான்.

கௌரி சிரிக்க ஆரம்பித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரேவதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த சந்தனத்த எடுத்தாடி ரேவதி. இவரு வாய்க்கி ஒரு பொட்டு வெக்கலாம். ஆறு கிலோமீட்டர்ல அதுவும் நின்னுடும்."

அவள் கேலிக்கு நானே சிரித்தேன். இருபத்தோரு வருடத்தில் இது முதல் தடவை. அவளும் கவனித்திருப்பாள்.

பின்னூசியால் குத்தினேன். நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டுத் துடைத்தேன். ரேவதி லென்ஸ் இல்லாமலே பார்த்து, "பாஸ்" என்றாள்.

மதியம் மெயின் ரோடு போய் வந்தேன். நிற்கவில்லை. நம்பாமல் மறுபடி போய் வந்தேன். நிற்கவில்லை. வந்து வாசலில் படுத்தவன் மாலை வரை தூங்கினேன்.

கழற்றியது: மூடி. மாட்டியது: மூடி. மிஞ்சியது: இல்லை.

21, திங்கள். மழை இல்லை. பனி.

4.40. ஆலமரம் வரும்போது ரேவதி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். தாண்டினோம். அவள் கை சட்டையை விட்டது.

மெயின் ரோடு 4.58. பதினேழு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

"ரொம்ப சீக்கிரம் வந்துட்டோம் நைனா."

"நாளிக்கி பத்து நிமிசம் தூங்கு."

பஸ் வந்தது. படியில் ஏறும்போது கார்டை உடுப்புக்குள்ளிருந்து எடுத்து வெளியே தொங்கவிட்டாள்.

திரும்பும்போது ஆலமரத்தடியில் நானே நிறுத்தினேன். கௌரி பையில் போட்டுக் கொடுத்த தேங்காயை உடைத்தேன். ஒரு மூடி மரத்துக்கு. ஒரு மூடி சட்னிக்கு.