முன் சீட்டில் மணல் மூட்டை

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் இங்கே சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? மிஷினில் ஒரேயடியாகக் குனிந்து உட்காராதே. பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ரூமிலேயே ஒரு மரக் கயாக் செய்கிறேன் என்றேனே, அந்த ஒல்லிப் படகு முடிந்துவிட்டது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பிசின் பூசினேன். என் தையலைப் பார்த்தால் பிரிக்கச் சொல்வாய். ஆனால் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறக்கினோம். நான் பின் சீட்டில் உட்கார்ந்ததும் படகின் மூக்கு மேலே தூக்கி, லேசாகக் கவிழ்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர்தான், பயப்படாதே. கூடத் தங்கியிருக்கும் வெல்டர் தம்பி கரையில் நின்று சிரித்தான்.

"தனியாத்தானே இருக்கீங்க, எதுக்குண்ணே ரெண்டு சீட்டு?"

உன் எடை இருக்கும் என்று குத்துமதிப்பாக ஒரு மூட்டை மணல் கட்டி முன்னால் வைத்தேன். இப்போது முன்பக்கம் அமுங்கியது. கொஞ்சம் மணலைக் கொட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. அப்புறம் படகு நேராகப் போனது. மூட்டைதான் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. 'கை வலிக்குதா'ன்னுகூடக் கேட்கவில்லை.

ஒரு உதவி செய். முன் சீட்டில் கால் உதைக்கும் கட்டையை இன்னும் ஆணி அடிக்காமல் வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறாயே, கால் நீட்டி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து குதிகால்வரை உன் அளவை எடுத்து அனுப்பு. எடையையும் எழுது, குறைக்காமல்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. டேப்பின் மறுமுனையைப் பாப்பா பிடிக்கட்டும்.

உன்
பின் சீட்டுக்காரன்