காய்லோவரும் அம்மாவின் இடுப்பும்

மார்ச் 3, ஞாயிறு

ஒரு கார் சுகமாகப் போகிறதா இல்லையா என்பதை யாருடைய முதுகை வைத்து முடிவு செய்வது? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் புள்ளியியல் பாடம் எடுத்தும் இதற்கு ஒரு அளவுகோல் சொல்ல வரவில்லை.

காலையில் அண்ணன் பேசினான். இடுப்பு அறுவை முடிந்து இவ்வளவு நாளாகியும் அம்மா கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாளாம். டாக்டர் நடக்கச் சொன்னால், "அவரே நடக்கட்டும்" என்று பதில். மாதக் கடைசியில் அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அம்மா எங்களோடுதான் இருக்க வேண்டும்.

போனைப் பிடுங்கி அம்மா சொன்னது: "உன் வீட்டுக்கு வர எனக்கென்ன கசக்குதா? உன் கார்லதான் வரமாட்டேன். போன தடவை குலுக்கின குலுக்கல்ல பல் செட்டு கழண்டு மடியில விழுந்துச்சு."

பொய்யில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அம்மா வர வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

மெக்கானிக் காரின் ஒவ்வொரு மூலையையும் அமுக்கிப் பார்த்தார். "நாலு ஷாக்அப்சார்பரும் செத்துப்போச்சு மேடம்." பழையபடியே நான்கு வாங்கிப் போட்டால் கதை முடிந்தது. ஆனால் கூட வந்திருந்த என் கணவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத ஒரு களை.

"எப்படியும் மாத்தத்தானே போறோம்? காய்லோவர் போட்டுடலாமே!"

ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த செட்டாம். வண்டியின் உயரத்தை ஏற்றி இறக்கலாம், விறைப்பைக் கூட்டிக் குறைக்கலாம். இவ்வளவு நாள் இந்த ஆசையை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?

"போட்டுப் பாருங்க சார், வண்டி தரையோட ஒட்டிக்கிட்டுப் போகும்," என்றார் மெக்கானிக்.

"எங்கம்மா சீட்டோட ஒட்டிக்கிட்டு வருவாங்களா?" என்று கேட்டேன். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மார்ச் 9, சனி

இணையத்தில் கார்ப் பிரியர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். எல்லோருக்கும் அவரவர் வாங்கியதே உலகத்தில் சிறந்தது. ஒருவராவது எதையாவது அளந்திருக்க வேண்டுமே! "வேற லெவல்" என்பது என்ன அலகு?

உருப்படியாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. மேல்முனையில் இரும்புப் பேரிங் வைத்த செட்டில் ஸ்டியரிங் கச்சிதமாக இருக்கும், ஆனால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் காதில் வந்து பேசும். ரப்பர் வைத்தது அமைதி.

நானும் ஒரு கேள்வி போட்டேன்: முன்சீட்டில் எழுபத்தாறு வயதுப் பெண்மணி, இடுப்பு அறுவை ஆனவர், எவ்வளவு மென்மையான ஸ்பிரிங் தேவை?

"ரேஸ் ட்ராக்குக்கா ஸ்ட்ரீட்டுக்கா ப்ரோ?"

"அம்மாவுக்கு" என்று எழுதினேன்.

"அப்ப அவங்கள ட்ரெயின்ல அனுப்பிடுங்க ப்ரோ."

மார்ச் 12, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் உடன்படிக்கை. மென்மையான ஸ்பிரிங், ரப்பர் முனை: என் பக்கம். உயரம் குறைப்பது: அவர் பக்கம்.

"ரெண்டு விரல் இறக்குவோம்."

"ஒண்ணு."

"ஒரு விரல் இறக்கினா யார் கண்ணுக்குத் தெரியும்?"

"யார் கண்ணுக்குத் தெரியணும்?"

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஐ.நா. சபைக்கு போன் போடட்டுமா?"

ஒன்றரை விரல்.

மார்ச் 17, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. இவர் கீழ்த்தள நிறுத்தத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று, ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியே குழந்தையைப் பார்ப்பதுபோல் காரைப் பார்க்கிறார். கண்கூட லேசாக— இல்லை, தூசியாக இருக்கும்.

ஒவ்வொரு ஷாக்கின் தலையிலும் ஒரு குமிழ். ஒரு பக்கம் திருப்பினால் இளக்கம், மறுபக்கம் விறைப்பு. மெக்கானிக் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 19, செவ்வாய்

இவர் குளிக்கும்போது கீழே இறங்கிப் போய், எல்லாக் குமிழையும் இரண்டு க்ளிக் இளக்கினேன். ஒரேயடியாகச் செய்தால் கண்டுபிடித்துவிடுவார். தினமும் கொஞ்சம்.

சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மார்ச் 21, வியாழன்

எவ்வளவு வித்தியாசம்! பஞ்சுபோலப் போகிறது. இவர் என்னவென்றால், "என்னமா கவ்விக்கிட்டுப் போகுது பாத்தியா! கல்லு மாதிரி நிக்குது!" என்கிறார். பாவம். மனிதர்கள் தாங்கள் நம்புவதைத்தான் உணர்கிறார்கள். அடுத்த பருவத்தில் வகுப்பில் சொல்ல நல்ல எடுத்துக்காட்டு.

மார்ச் 23, சனி

இவர் விரலில் கறுப்புக் கறை. அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி வரும்?

காலையில் மகளின் நகப்பூச்சால் ஒரு குமிழில் சிவப்புப் பொட்டு வைத்தேன், என்னைப் பார்த்து. மாலையில் பொட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

"குமிழைத் திருப்பினீங்களா?"

"நீ?"

இருவரும் ஒரே நேரத்தில் டீ குடித்தோம்.

ஐந்து நாளாக நான் காலையில் இளக்கியதை அவர் மாலையில் அதே அளவு இறுக்கியிருக்கிறார். மெக்கானிக் வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. நான் பஞ்சு என்றேன், அவர் கல் என்றார். இரண்டும் ஒரே கார்.

விஷயம் தெரிந்த மகள் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு பரீட்சை வைத்தாள். நாங்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், அவள் குமிழைக் கொஞ்சம் இப்படியோ அப்படியோ திருப்புவாள், காரில் ஒரு சுற்றுப் போய்வந்து இளக்கமா விறைப்பா என்று சீட்டில் எழுத வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தோம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும்.

"உன்னைவிட நான் ஒண்ணு அதிகம்," என்று இவர் ஆறுதல் சொன்னார்.

"அம்மா, உன் முதுகு முனைவர் பட்டம் வாங்கலைபோல," என்றாள் மகள்.

மார்ச் 30, சனி

நாளை போகிறோம். இருவருமாகவே பானெட்டைத் திறந்து, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், கடைசி வரை இளக்கினோம். விறைப்பை விட்டுக்கொடுக்கும்போது ஏதோ சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல நின்றார்.

அம்மா போனில்: "அந்தத் தெரு முனைவரைக்கும் வருவேன். குலுக்குச்சுன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுடணும். ஒத்துக்கிட்டா வா."

ஒத்துக்கொண்டேன். திருப்பிவிடச் சொன்னால் என்ன செய்வேன்? அண்ணன் வீட்டையே காலி செய்கிறானே. அம்மா, தயவு செய்து—

தூங்க வேண்டும்.

மார்ச் 31, ஞாயிறு

நடந்தது இதுதான். அண்ணன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்தான்.

தெரு முனை வந்தது. நான் பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முனை தாண்டியது. எட்டிப் பார்த்தால், தூங்கிவிட்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, பல் இடத்தில் இருந்தது. வழி நெடுகத் தூக்கம். இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே ஓட்டினார்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள நிறுத்தத்துக்குள் இறங்கும் சரிவின் மேல்விளிம்பில் கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். வண்டி வயிறு தட்டி நின்றுவிட்டது. நாலு பேர், அம்மாவின் டிரங்குப் பெட்டி, தையல் மெஷின். குமிழைப் பிடித்துக்கொண்டு அத்தனை ஆராய்ச்சி செய்தவளுக்கு, பாரம் ஏற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பின்னால் ஒரு கார் ஹாரனை விடாமல் அடித்தது.

"எல்லாரும் இறங்கினாத்தான் வண்டி எழும்பும்," என்றார் இவர், மெல்லிய குரலில்.

"நானா? நான் இறங்கணுமா?" அம்மா முழுதாக விழித்துக்கொண்டாள். மறுபடி ஹாரன். "இருய்யா, இறங்கறேன்!" என்று அந்தக் காரைப் பார்த்துக் கத்திவிட்டு, மகள் நீட்டிய, இதுவரை தொடாத வாக்கரைப் பிடித்து இறங்கினாள்.

இறங்கியவள் நிற்கவில்லை. "மாப்ளே, நீங்க வாங்கினது காரா பாயா? தரையில விரிச்சு வச்சிருக்கீங்க!" ஒரு அடி. "படிச்சவங்க ரெண்டு பேர் இருக்கிற வீடு!" இன்னொரு அடி. "இதுல என்னை வேற ஏத்தி!" ஓரத்து நடைபாதையில், முன்வாசல் தாண்டி, லிப்ட் வரை திட்டிக்கொண்டே போனாள். பிடித்துக்கொள்ளப் போன என் கையைத் தட்டிவிட்டாள். நானும் மகளும் மூச்சுக்கூட விடாமல் பின்னால் போனோம்.

லிப்டின் பொத்தானை அவளே அழுத்தினாள். "எத்தனாவது மாடி?"

சாயங்காலம் இவர் ஸ்பேனரோடு வந்து நின்றார். குரலில் குற்றவுணர்ச்சி. "ஒண்ணரை விரலையும் ஏத்திடறேன். இனிமே அம்மா ஏறி இறங்கற வண்டி. பாவம், ஒவ்வொரு தடவையும் வாசல்லேருந்து நடந்தா வருவாங்க?"

ஸ்பேனரை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.