முன் சக்கரத்து டயர்

நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் வழியில் போய்விடும் என் அன்பானவருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு மணிவரை நான் இருந்த இருப்பை உங்களிடம்தான் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். மறைப்பதற்கு இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நீங்கள் போன இந்த மூன்று வருடமும் உங்கள் சைக்கிள் உங்கள் அறைச் சுவரில், நீங்கள் மாட்டிய அதே இரண்டு கொக்கிகளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டுத் தூசி படிய விட்டதில்லை. சனிக்கிழமைதோறும் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு இரண்டு டயரையும் துடைத்துவிடுவேன். நீங்கள் இருந்தவரை சனிக்கிழமை உங்களுக்கு எண்ணெய்க் குளியல். நீங்கள் போனபின் அது உங்கள் வண்டிக்கு என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "நேத்து வாங்கினதா ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். "இல்லை, பராமரிப்பு" என்பேன்.

நம் பெண் ஷீலா பெங்களூரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு என்னோடு வந்துவிட்டாள். நாற்பத்துமூன்று வயதில் அவளுக்கு உங்கள் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்குத் தாம்பரத்திலிருந்து எட்டுப் பேர் சைக்கிளில் கிளம்பிச் செங்கல்பட்டுவரை போகிறார்களாம். உங்கள் சைக்கிளை இறக்கினாள், சோப்புத் தண்ணீரில் கழுவினாள், இரும்புலியூர்வரை ஓட்டிப் பார்த்தாள். வழியில் கண்ணாடிச் சில்லு ஏறிப் பின் டயர் விரல் அகலத்துக்குக் கிழிந்தது. வியாழக்கிழமை நானும் அவளோடு பாபு கடைக்குப் போனேன். நீங்கள் வாடிக்கையாகப் போன அதே பாபுதான். தலை நரைத்துவிட்டது, நாக்கு நரைக்கவில்லை.

"இன்னா மேடம், சாரோட வண்டியா? இன்னும் கீதா அது!" என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். ஷீலா இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர் கேட்டாள். பழையதும் அந்த அகலம்தான்.

"இருபத்தஞ்சு எதுக்கும்மா? ஜி.எஸ்.டி. ரோடு இன்னா ரேஸ் நடக்குற எடமா? குழியும் கல்லுமா கீது. இருபத்தெட்டு போட்டுக்கோ. காத்து கொஞ்சம் கம்மியா அடிக்கலாம், முதுகு தப்பிச்சுக்கும்."

"பிரேக்கில் இடிக்காதா?" என்று நான் கேட்டேன். பாபு சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். இடம் இருந்தது. சரி என்றேன்.

"ஜோடியா மாத்திடுங்க மேடம். ரெண்டும் அஞ்சு வருஷ ரப்பரு."

"முன் டயரில் ஒரு கீறல்கூட இல்லையே."

"கீறல் பாத்து சொல்லல. வயசப் பாத்து சொல்றேன். சரி, ஒண்ணுதான் வாங்குவீங்கன்னா அத முன்னாடி போடுறேன், முன்னாடி கீற பழசப் பின்னாடி மாத்திடுறேன். பின்னாடி வெடிச்சா வண்டி ஆடும், சமாளிச்சுக்கலாம். முன்னாடி வெடிச்சா ஆளே காலி."

ஷீலா என்னைப் பார்த்தாள். "அம்மா, ரெண்டையும் மாத்திடலாமே."

"முன் சக்கரத்தில் இருப்பது உங்கள் அப்பா தன் கையால் போட்டது. நன்றாக இருக்கிற பொருளைக் கழற்றி எறிகிற பழக்கம் இந்த வீட்டில் இல்லை" என்றேன். கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த குரல் அது. அந்தக் குரலில் நான் பேசினால் அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. பாபு தோளைக் குலுக்கிவிட்டுப் புது டயரைப் பின் சக்கரத்தில் மாட்டினார். கிழிந்த பழையதை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஷீலா கிளம்பினாள். "கூடுவாஞ்சேரில டீ, செங்கல்பட்டுல இட்லி, பத்து மணிக்கு வந்துடுவேன்" என்றாள். காபி குடித்துவிட்டு, அந்தக் கிழிந்த டயரை உங்கள் கொக்கியில் மாட்டலாம் என்று எடுத்தேன். கொக்கி சிறியது. டயரை எட்டுப்போல மடித்தேன்.

மடித்த இடத்தில் அது வாயைத் திறந்தது.

கண்ணாடி கிழித்த இடம் அல்ல. பக்கச் சுவர் முழுக்கக் குதிகால் வெடிப்புப்போல் கோடுகள். ஒரு கோட்டை நகத்தால் நெருடினேன், ரப்பர் பிசினாக உரிந்து உள்ளிருந்த நூல் தெரிந்தது. விரலை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

அதே துணி, அதே எண்ணெய், அதே சனிக்கிழமைகள். இரண்டு டயருக்கும் நான் ஒரு வித்தியாசமும் காட்டவில்லையே!

ஷீலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது அவள் போனைப் பையில் போட்டுவிடுவாள். பாபுவைப் போனில் எழுப்பினேன்.

"சொவுரு உரியுதா? எண்ணெ கிண்ணெ எதுனா போட்டீங்களா மேடம்? போட்டிருந்தா பேஜாரு. ரப்பரு உள்ள ஊறி செத்துடும்."

"இல்லை" என்றேன். எழுபத்தொரு வயதில், மகள் உயிர் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் நான் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன்? நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

"இன்னாவோ, அந்தப் பொண்ண நிறுத்துங்க மொதல்ல" என்று போனை வைத்தார்.

புடவைகூட மாற்றவில்லை. டயரைக் கையில் பிடித்தபடியே தெருமுனைக்குப் போய் ஆட்டோவை நிறுத்தினேன்.

"இன்னாம்மா, டயர எடுத்துகினு எங்க?"

"ஜி.எஸ்.டி. சாலையில் நேரே போ. என் பெண் சைக்கிளில் போகிறாள். அவள் முன் சக்கரம் வெடித்துவிடும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். "வூட்டுக்காரருக்கு ஒரு போன் போடேன்மா, அவரு பேசினா எடுக்கும் பொண்ணு."

"அவர் இல்லை" என்றேன். ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

பெருங்களத்தூர் தாண்டி ஓர் இடத்தில் கூட்டம். லாரி ஒன்று குறுக்காக நின்றது. ஆட்டோ நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். யாரோ ஒருவரின் ஸ்கூட்டர், சிதறிய காய்கறி, அவ்வளவுதான். சைக்கிள் இல்லை. அந்த மனிதர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நன்றி கடவுளே என்று நினைத்தேன். அதற்காக வெட்கப்படவும் நேரமில்லை.

வண்டலூரில் நீங்கள் விழுந்த அந்தத் திருப்பத்தைக் கடந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, இதே டயர்களைக் கூடத்தில் உட்கார்ந்து மாட்டினீர்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி சரியா என்று இரண்டு தரம் பார்த்தீர்கள். நீங்கள் குளிக்கப் போனபோது நான் வந்து பார்த்தேன். புது டயர் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் எண்ணெய்க் கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தொட்டு, தரையில் படும் இடம் உட்பட, சுற்றிலும் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

மறுநாள் காலை அந்தத் திருப்பத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தீர்கள். "மணல், பத்மா. மணல்" என்றீர்கள். படுக்கையிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "டயரைத் தொட்டியா?"

"துடைச்சு வெச்சேன். யாராவது செய்ய வேண்டாமா?"

"நல்லா பளபளன்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்றேன். தலையாட்டினீர்கள். நீங்களே அதைச் சுவரில் மாட்டினீர்கள். நான் துணியோடு வந்தால், "இருக்கட்டும் பத்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்வீர்கள். அக்கறை என்று நினைத்தேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வயசுக்கேத்த கவனம் வேண்டாமா?" என்று உங்கள் எதிரிலேயே சொன்னேன். உங்கள் தங்கை விமலா மட்டும், "எங்க அண்ணன் அப்படி விழுறவர் இல்ல அண்ணி, வேற ஏதோ இருக்கு" என்றாள். அவள் வாயை என்னென்ன சொல்லி அடைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கூடுவாஞ்சேரி டீக்கடை வாசலில் எட்டு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. ஷீலா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னையும் என் கையிலிருந்த டயரையும் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"அம்மா! யாருக்கு என்ன ஆச்சு?"

"முன் சக்கரத்தைக் கழற்று."

குழுவை நடத்தும் ஜான் என்பவர் காற்றை இறக்காமலே குனிந்து பார்த்தார். டயரின் ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். கட்டைவிரலால் பக்கத்தில் அழுத்தினார், கோடுகள் திறந்தன. யாரோ விசில் அடித்தார்கள்.

"இன்னும் நாலு கிலோமீட்டர் தாங்கியிருக்காது ஷீலா. ஆன்ட்டி, வெயில் படுற எடத்துல வெச்சிருந்தீங்களா? வெயில்லயும் இப்படி ஆகும்."

எவ்வளவு மரியாதையான வழி அது! ஆமாம் என்று சொன்னால் போதும். எட்டுப் பேரும் வெயிலைத் திட்டிவிட்டு டீ குடித்திருப்பார்கள்.

"இல்லை. எண்ணெய். மூன்று வருடமாக நான்தான் தேய்த்தேன்."

"டயருக்கு எண்ணெய்க் குளியலா! சீயக்காயும் போட்டீங்களா ஆன்ட்டி?" என்றது ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து எட்டுப் பேர் ஒன்றாகச் சிரிப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. நின்றுகொண்டிருந்தேன்.

ஜான் தன் பையில் மடித்து வைத்திருந்த டயரை எடுத்தார். உள்ளே முள்ளோ சில்லோ இருக்கிறதா என்று விரலால் தடவி, டியூபில் கொஞ்சம் காற்று ஊதி வைத்து, கடைசி விளிம்பை வெறும் கட்டைவிரலால் தள்ளி உள்ளே ஏற்றினார். ஷீலா பம்பை வாங்கிக் காற்றடித்தாள். நான் அவள் அருகில் போய்த் தாழ்ந்த குரலில், வண்டலூர் திருப்பத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியலை, ஷீலா."

பம்பை ஜானிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. நான் செங்கல்பட்டு போயிட்டு வரேன்." குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. "போ" என்றேன்.

பத்தே காலுக்கு வந்தாள். இரண்டு நாளாக என்னோடு குறைவாகத்தான் பேசுகிறாள். அது நியாயம்தான்.

உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் மணல் என்றீர்களா? நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தீர்களா, இல்லை, நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றா? இரண்டில் எது என்றாலும் நீங்கள் நினைத்தது சரி. ஆனால் இரண்டு வருடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, அதை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

விமலாவின் வீடு அந்த டீக்கடையிலிருந்து பத்து நிமிட தூரம். அன்றே போயிருக்கலாம். ஆனால் ஆட்டோவை வீட்டுக்குத் திருப்பச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்குப் போகிறேன். உன் அண்ணன் கவனக்குறைவால் விழவில்லை, விழவைத்தது நான் என்று அவள் வீட்டுக் கூடத்தில், அவள் மருமகளையும் கூட வைத்துக்கொண்டே சொல்வேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். காபி ஆறும்வரை சொல்லிக் காட்டுவாள். காட்டட்டும். குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

விமலாவின் அண்ணியும் ஷீலாவின் அம்மாவுமான,
உங்கள் மனைவி,
பத்மா