பந்திக்கு அழைக்க ஆளில்லாத விருந்து

திருத்துறைப்பூண்டி
9.7.1999

அன்பு மகன் ராஜ்குமாருக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கன்று போட்ட மாடும் சுகம், அங்கே அமெரிக்காவில் நீயும் உன் கம்ப்யூட்டரும் சுகமாக இருக்க சுவாமியை வேண்டிக்கொள்கிறோம். போர்வெல் தண்ணீரில் நாற்று தலைதூக்கிவிட்டது, வாய்க்காலில்தான் தண்ணீர் வரக் காணோம். நீ சொன்னபடி மெட்ராஸ் போய், உனக்கு நிச்சயமாகப் போகிற வானதியின் அப்பா புதுக் கம்பெனிக்காகக் கொடுத்த விருந்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். தலையோடு என் அசட்டுத்தனத்தையும் காட்டிவிட்டேன், ஆகவே உட்கார்ந்து படி.

பெரிய ஓட்டல், உள்ளே மார்கழிக் குளிர். ஒரு பக்கம் சாப்பாடு ஆவி பறக்கிறது, யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. நம் பக்கத்தில் வீட்டுக்காரர் கூப்பிடாமல் எவனாவது பந்தியில் உட்காருவானா? வேலை மும்முரத்தில் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, சம்பந்தியாகப் போகிறவர் பேர் கெடக்கூடாதே என்று நானே வாசலில் நின்று கைகூப்பி, வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும் என்று வருகிறவர்களையெல்லாம் அழைத்தேன். ஒரு கோட்டுக்காரர் எச்சில் தட்டை என் கையில் கொடுத்தார். வைக்க இடம் தெரியாமல் தவிக்கிறார் பாவம் என்று வாங்கிக்கொண்டேன், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கொடுத்தார்கள். யார் இவர் என்று ஒரு அம்மாள் கேட்க, பக்கத்தில் நின்ற வானதியின் அப்பா, ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே நானும் சேர்ந்து சிரித்தேன்.

வானதிதான் ஓடிவந்து தட்டுகளை வாங்கி வைத்துவிட்டு, மாமா நீங்க இன்னும் சாப்பிடலையா, வாங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பிறகுதான் சாப்பிட்டேன், நல்ல பசி. கிளம்பும்போது அவள் அப்பா, வயசான காலத்துல எதுக்கு அலையறீங்க, தாலி கட்டும்போது வந்தா போதும், ரிசப்ஷனுக்கெல்லாம் வேண்டாம் என்றார். என்ன அக்கறை என்று இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அவர் பெருமையைத்தான் பேசிக்கொண்டு வந்தேன், விழுப்புரம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்களைக் குழியில தள்ளினாலும் மண்ணு போடுறவனுக்கு மோர் கொடுக்கச் சொல்வீங்க என்கிறாள் உன் அம்மா.

அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடாதே தம்பி. ஆனால் ஒன்று, அவர் சொன்னது உனக்கும் தெரிந்து சொன்னதா? ஆமாம் என்றால் ஒரு வரி எழுது, ரிசப்ஷனுக்கு நான் வரவில்லை. வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத வரவில்லை.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. பதிலைப் போனில் சொல்லாதே, எழுதிப் போடு. போனில் நீ என்ன சொன்னாலும் நான் சரி சரி என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பஞ்சநதம்